சேராத மாத்திரை

அன்று ஓவர்லாக் தையல் மிஷினில் அம்மா இருந்தாள். லைன் சூப்பர்வைசர் இருந்தார். கல்லூரி விடுமுறையில் அதே அருள்புரம் பனியன் கம்பெனிக்குத் தைத்த பீஸ் மடிக்கப் போயிருந்த நானும் இருந்தேன். நர்ஸ் இல்லை. சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் ஆடிட்டுக்கு ஆள் அனுப்பும் நாளில் மட்டும் ஒரு பெண்ணுக்கு வெள்ளைக் கோட்டு மாட்டி உட்காரவைப்பார்கள். மற்ற நாளெல்லாம் மருந்துப் பெட்டிச் சாவி சூப்பர்வைசரிடம்.

அம்மாவுக்கு இளைப்பு. தினமும் மாத்திரை, மூச்சு முட்டினால் இழுத்துக்கொள்ள ஒரு பம்ப். முந்தின வருஷம் பல்வலிக்கு மெடிக்கலில் வாங்கிய மாத்திரை இளைப்பைக் கிளப்பிவிட, வலி மாத்திரையே இனிக் கூடாது என்று அரசு ஆஸ்பத்திரி டாக்டர் கண்டித்து அனுப்பியிருந்தார்.

மத்தியானம் அவளுக்குத் தலைவலி மண்டையைப் பிளந்தது. அரைநாள் லீவு கேட்டாள். மறுநாள் ஷிப்மென்ட்.

"லீவெல்லாம் எதுக்குங்கக்கா? இதைப் போட்டுட்டு உக்காருங்க." சூப்பர்வைசர் ஒரு வலி மாத்திரையை நீட்டினார்.

"எனக்கு இது ஆகாதுய்யா. இளைப்புக்கு மருந்து சாப்பிடுதேன். டாக்டர் சொல்லியிருக்காக."

"டாக்டரு வந்து ஓவர்லாக் ஓட்டித் தருவாருங்களா?"

பக்கத்து மிஷின்காரி சிரித்தாள். "ஷிப்மென்ட்னா மட்டும் அக்காவுக்கு எல்லா வியாதியும் வந்துருமுங்க."

நான் போய் நின்றேன். "அண்ணா, நெசமாவே சேராதுங்க."

"படிச்ச தம்பி சொல்றாருங்க. அப்ப ரெண்டு பேரும் நாளையிலிருந்து ஊட்டுலயே இருந்துக்குங்க."

மரியாதை ஒரு எழுத்துகூடக் குறையவில்லை. அம்மா விழுங்கினாள். வாயைத் திறந்து காட்டச் சொன்னார். காட்டினாள்.

கொஞ்ச நேரத்தில் அவள் மூச்சில் விசில் கேட்டது. பம்ப் அவள் பையில் இருந்தது. பீஸைத் திருடிவிடுவோம் என்று பைகளை கேட்டிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். ஓடினேன். பையைத் தர வாட்ச்மேன் சூப்பர்வைசர் சீட்டு கேட்டார். தள்ளிவிட்டுப் பையோடு திரும்பியபோது அம்மா துணிக்கட்டின் மேல் சாய்ந்து கிடந்தாள்; உதடு கறுத்திருந்தது. அவள் மிஷினில் வேறொருத்தி தைத்துக்கொண்டிருந்தாள்.

பம்புக்கு அடங்கவில்லை. ஆட்டோ பிடித்துப் பல்லடம் தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். டாக்டர் என்னைத்தான் திட்டினார்.

"இளைப்புக்காரங்க சில பேருக்கு வலி மாத்திரை ஆளையே கொன்னுடும். பிரஷருக்குக் குடுக்கிற சில மாத்திரையும் அப்படித்தான். எதை வாங்கினாலும் இளைப்புக்கு என்ன மருந்து சாப்பிடறோம்னு முதல்ல சொல்லோணும்."

"சொன்னாங்க சார்," என்றேன்.

அம்மா பிழைத்துக்கொண்டாள். வேலை போயிற்று. கணக்கு முடிக்கப் போனால், ஷிப்மென்ட் சமயத்தில் பாதியில் எழுந்து போனதற்கு என்று அந்த வாரச் சம்பளத்தையும் பிடித்துக்கொண்டார்கள். அதையும் ஆஸ்பத்திரிச் செலவையும் ஆட்டோவையும் சேர்த்து எங்களுக்கு ஆனது ஏழாயிரத்து நானூறு ரூபாய்.