விளிம்பு குறையுமா, கூடுமா

இந்த உலகத்தில் என்னோடு சண்டை போட ஒரே ஒரு ஆள்தான் இருந்தான். இப்போது அவனும் இல்லை. செத்துப் போய்விட்டான் என்று நினைத்துவிடாதீர்கள். குத்துக்கல்லாட்டம் இருக்கிறான், திருவொற்றியூரில் எங்கள் வீட்டுக்கு அடுத்த தெருவில்தான் இருக்கிறான், ஞாயிற்றுக்கிழமையானால் தவறாமல் வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போகிறான். ஆனால் சண்டை போடுவதில்லை. அதைவிட அவன் வராமலே இருந்திருக்கலாம்.

நானும் அவனும் பி.எஸ்சி. இயற்பியல், ஒரே பெஞ்சு. அவன் மேலே படித்துக் கல்லூரி வாத்தியார் ஆனான். நான் பட்டறைக்குப் போனேன். அதில் எனக்கு வருத்தமே இல்லை என்று சொன்னால் அது பொய். துறைமுகத்துக் கிரேன்களுக்குச் சக்கரம் செய்கிற பட்டறை அது. சக்கரத்தைச் சுற்றி ஓர் எஃகு வளையம் மாட்ட வேண்டும். அந்த வளையத்தைச் சக்கரத்தைவிட மயிரிழை சின்னதாகவே கடைவோம். நெருப்பில் போட்டால் விரியும். விரிந்த சூட்டோடு தூக்கிச் சக்கரத்தின் மேல் இறக்கிவிட்டால், ஆற ஆறச் சுருங்கிக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். ஆணி கிடையாது, வெல்டிங் கிடையாது. கடையும்போது கை தவறி ரொம்பச் சின்னதாகிவிட்டால் போச்சு, ஆறும்போதே வளையம் படாரென்று வெடிக்கும். எனக்குச் சுருக்கம் என்றால் அந்தச் சத்தம்தான்.

ஒருநாள் மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டே போனில் ஒரு வீடியோ பார்த்தேன். ரிலேட்டிவிட்டி பற்றியது. மகா வேகத்தில் போகிற பொருள், போகிற திசையில் நீளம் குறையும், குறுக்கே குறையாது என்றார்கள். கல்லூரியில் படித்ததுதான், பரீட்சைக்குப் பிறகு மறந்து தொலைத்தது. எதிரே என் சக்கரம் கிடந்தது. இதையே வேகமாகச் சுற்றினால்? விளிம்பு தன் நீளவாக்கிலேயே ஓடுகிறது, ஆகவே சுருங்க வேண்டும். ஆரக்கால் குறுக்காகப் போகிறது, ஆகவே சுருங்காது. ஆரக்கால் அப்படியே இருக்க, விளிம்பு மட்டும் எப்படிச் சுருங்கும்? என் வளையம் மாதிரி வெடித்தல்லவா தீர வேண்டும்? சுற்றுகிற சக்கரம் எதுவும் இப்படி வெடித்து நான் பார்த்ததில்லையே. அப்படியானால் கொள்கையே தப்பு! கையில் பிசைந்த சோறு காய்ந்துபோகிற வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே அவனைப் பிடித்துக்கொண்டேன். எண்ணூர் போகிற சாலையில், கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கிற இடத்தில் ஒரு டீக்கடை. நான் சொல்லி முடிப்பதற்குள் அவன் சிரிக்க ஆரம்பித்துவிட்டான்.

"டேய் மாமு, இது நூறு வருசமா பெரிய பெரிய தலைங்கல்லாம் அடிச்சிகினு கீற மேட்டரு. நீ இன்னாமோ புச்சா கண்டுபுட்ச்ச மாதிரி வர்ற!"

எனக்கு ஒரு பக்கம் சப்பென்று ஆகிவிட்டது, இன்னொரு பக்கம் பெருமை. பெரிய தலைகள் மோதிக்கொண்ட இடத்துக்குப் பட்டறையில் சோறு தின்றுகொண்டே நானும் போய்விட்டேன் அல்லவா?

"ஆனா நீ சொல்றது தலகீழு," என்றான். "குறையாது. கூடும்."

அந்த ஒரு வார்த்தையில் ஆரம்பித்ததுதான். நான் குறையும் என்பேன், அவன் கூடும் என்பான். வருஷக்கணக்காக எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் அதிலேயே போயின.

அவன் கட்சியையும் சொல்லிவிடுகிறேன், பிறகு நான் ஓரவஞ்சனை செய்தேன் என்று யாரும் சொல்லக்கூடாது. டீக்கடைத் தட்டு ஒன்றை எடுத்து வைத்து, அதன் விளிம்பு நெடுகத் தீக்குச்சிகளை ஒன்றை ஒன்று தொடுகிற மாதிரி அடுக்குவான்.

"தட்டு சுத்துது. இப்ப குச்சில்லாம் சுருங்கும். சுருங்குனா நடுவுல சந்து வுழும். அந்தச் சந்துல இன்னும் குச்சி வெக்கலாம். தட்டு மேல குந்திகினு அளக்கறவன் முன்ன வெச்சதவிட ஜாஸ்தி குச்சி வெப்பான். அப்ப விளிம்பு கூடுதா, குறையுதா?"

"குச்சி சுருங்கும், தட்டு சுருங்காதா? குச்சிக்கு ஒரு சட்டம், தட்டுக்கு ஒரு சட்டமா?"

"தட்டோட விளிம்ப தட்டே புட்ச்சிகினு கீதுடா. சுருங்க வுடாது. இழுபட்டுகினு கெடக்கும், உன் வளையம் கெடக்கற மாதிரி. குச்சிய எவன் புட்ச்சான்? அது பாட்டுக்குச் சுருங்கும்."

"இழுபடுதுன்னு ஒத்துகினியா? அப்ப வெடிக்கணும்!"

"வெடிக்கும். ஆனா அந்த வேகத்துக்குப் போறதுக்கு ரொம்ப முன்னாடியே, சுத்தற சுத்துலயே பிச்சிகினு பூடும். நீ பாக்கவே மாட்ட."

"பாக்க முடியாதத வெச்சி டபாய்க்காதடா!"

அவ்வளவுதான், அவனுக்குக் காது சிவந்துவிடும். கோபம் வந்தால் அவனுக்கு முதலில் காதுதான் சிவக்கும். "உனுக்கு மண்டைல இன்னா, கிரீஸா?" என்று கத்துவான். லாரிக்கு அடியில் துண்டை விரித்துப் படுத்திருக்கிற டிரைவர்கள் தலையைத் தூக்கிப் பார்ப்பார்கள். "நைனா, கிளாசு பத்திரம்," என்று டீக்கடைக்காரர் உள்ளேயிருந்து குரல் கொடுப்பார். எங்களுக்குள் ஏதோ பாகப்பிரிவினைத் தகராறு என்றுதான் அவர் கடைசிவரை நினைத்துக்கொண்டிருந்தார்.

எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் தெரியுமா? அந்தச் சிவந்த காதைப் பார்க்கத்தான் ஆறு நாள் இரும்போடு மல்லுக்கட்டினேன். என் வாதத்தை இங்கிலீஷில் எழுதிப் பேராசிரியர்களுக்கெல்லாம் மெயில் அனுப்பிப் பார்த்தேன். ஒருத்தர்கூடத் தப்பு என்றுகூடப் பதில் போடவில்லை. பட்டறையில் எனக்குப் பட்டப்பெயர் 'சயின்டிஸ்ட்'. என் மனைவியோ, "சக்கரம் சுருங்குனா இன்னா, விரிஞ்சா இன்னா? ரேசன் கடைக்கு நீதான் போவணும்," என்பாள். அவன் ஒருத்தன்தான் என்னைத் திட்டினான். திட்டுகிற அளவுக்கு என் பேச்சைக் காதில் வாங்கினவனும் அவன்தான்.

ஆகவே எனக்கு வாழ்க்கையில் பெரிய ஆசை எதுவும் மிச்சமில்லை, ஒன்றைத் தவிர. அவன் வாயால், அவனாகவே யோசித்து, வேறு வழியில்லாமல் "குறையும்" என்று சொல்ல வேண்டும். சொன்ன அன்றைக்கு வரிசையில் நிற்கிற டிரைவர்கள் அத்தனை பேருக்கும் என் செலவில் டீ என்று வைத்திருந்தேன்.

பட்டறையில்தான் அது நடந்தது. சூடான வளையத்தை இறக்கிக்கொண்டிருந்தோம், என் இடது கை சொன்னபடி கேட்கவில்லை. திரும்பி, "கொஞ்சம் புடி," என்று சொல்ல வாயெடுத்தேன், வாய் கோணிக்கொண்டு வேறு என்னவோ சத்தம் வந்தது. பக்கவாதம். ஆஸ்பத்திரியில் கிடந்து வீட்டுக்கு வந்தேன். காலை இழுத்து இழுத்து நடக்கலாம், கை மட்டும் வரவில்லை. பேச்சு வந்தது, ஆனால் வார்த்தைகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கின. "நல்லா ரெஸ்ட் எடுங்க," என்று பட்டறையிலிருந்து வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா?

மணலி எண்ணெய் ஆலைப் பக்கமிருந்து நாற்றக் காற்று அடித்தால் என் மனைவி ஜன்னலை மூடிவிடுவாள், அடிக்காவிட்டால் திறந்து வைப்பாள். அதைத் தவிர எனக்குப் பொழுது என்று எதுவும் இல்லை. படுத்த படுக்கையில் சக்கரத்தைச் சுற்றவிட்டுக்கொண்டே கிடந்தேன். நின்றுகொண்டிருக்கிற சக்கரம் கொஞ்சம் கொஞ்சமாக வேகம் பிடிக்கும்போது என்ன ஆகிறது என்பதிலிருந்து புதிதாக ஒரு வாதம் கட்டினேன். மடக்கிவிடலாம் என்று தோன்றியது. உடம்பு போனால் போகட்டும், மண்டை இருக்கிறதே என்று ஒரு தெம்பு.

ஞாயிற்றுக்கிழமை சாத்துக்குடிப் பையோடு வந்தான். வாசலிலேயே என் மனைவி அவனை நிறுத்திக்கொண்டாள். எங்கள் வீடு ஒரு ரூமும் ஒரு தடுப்பும்தான், மூச்சுவிட்டால்கூடக் கேட்கும்.

"அண்ணே, பிரஷர் ஏறக்கூடாதுன்னு டாக்டரு கண்டிசனா சொல்லிக்கீறாரு. அவரு எதுனா அந்தச் சக்கரத்தப் பத்தி ஆரம்பிச்சாருன்னா... உங்களக் கையெடுத்துக் கும்புடறேன்."

அவன் உள்ளே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து பழத்தை உரிக்க ஆரம்பித்தான். அவள் சொன்னதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. யார் சொன்னாலும் அவனால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது, எனக்குத் தெரியாதா அவனை! ஆரம்பித்தேன். குழறிக் குழறிச் சொன்னேன். பாதியில் வெட்டுவான் என்று ஒவ்வொரு வாக்கியத்துக்கும் காத்திருந்தேன். வெட்டவில்லை. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக என்னை முழுசாகப் பேசி முடிக்கவிட்டான்.

"நீ சொல்றதுதான் கரெக்ட்டு மாமு," என்றான். "குறையும்."

எத்தனை வருஷம் காத்திருந்த வார்த்தை! அவன் காதைப் பார்த்தேன். சாதாரணமாக இருந்தது.

"இன்னாடா சொல்ற?"

"நானும் யோசிச்சிப் பாத்தேன்டா. குறையத்தான் செய்யும்."

"அப்ப குச்சி?"

"இன்னா குச்சி?"

"சந்து வுழும்னியே, அந்தக் குச்சி!"

"அத்த வுடு மாமு. இந்தா, ஒரு சுளை வாயில போடு."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. சாமி மாடத்திலிருந்து தீப்பெட்டியையும் என் சோற்றுத் தட்டையும் எடுத்து வரச் சொல்லி மனைவியிடம் கத்தினேன். பயந்துபோய்க் கொண்டுவந்து கொடுத்தாள். ஒற்றைக் கையால் விளிம்பில் குச்சி அடுக்கினேன். இடது கை பிடிக்காததால் தட்டு மடியிலிருந்து வழுக்கிக்கொண்டே போனது. அவன்தான் தட்டைப் பிடித்துக்கொண்டான்.

"பாரு. குச்சி சுருங்கும். தட்ட தட்டே புட்ச்சிகினு கீது, குச்சிய எவன் புட்ச்சான்? சந்து வுழும். இன்னும் குச்சி வெக்கலாம். கூடும்டா! நீதான்டா சொன்ன! எங்கூடச் சண்ட போடுடா!"

அவன் கட்சிக்காக நான் பேசினேன், அவனே பேசுகிற மாதிரி, அவன் வார்த்தைகளையே வைத்து. அத்தனை ஞாயிற்றுக்கிழமைகளும் அவன் இதைச் சொல்லச் சொல்ல, நான் அடுத்து என்ன பதில் கொடுக்கலாம் என்றுதான் யோசித்துக்கொண்டிருந்திருக்கிறேன். இப்போது பதில் சொல்ல ஆளில்லாமல் நானே சொன்னபோது, எனக்கே அது முதல் தடவையாகக் காதில் விழுந்தது. கை சரியில்லாததால் நான் வைத்த குச்சிகள் ஒன்றையொன்று தொடவில்லை, நடுவில் சந்து சந்தாக இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரும்பு ஆறுவதையே நினைத்துக்கொண்டு நான் பேசியிருக்கிறேன். அவன் பேசியது அளவுகோலைப் பற்றி. அளக்கிற கோலே சுருங்கினால் அளவு ஏறத்தானே செய்யும்? கூடும்தான். முதல் நாளிலிருந்தே அவன் சொன்னதுதான் சரி.

"கூடும்டா," என்றேன். இந்தத் தடவை அவனை உசுப்புவதற்காகச் சொல்லவில்லை. "நெசமாத்தான் சொல்றேன். எனக்கு இப்பத்தான் புரிஞ்சிது. கூடும்."

துள்ளிக் குதிப்பான், 'பேமானி, இப்பத்தான் தெர்ஞ்சிதா உனுக்கு' என்று என் மண்டையில் ஒரு தட்டுத் தட்டுவான் என்று அவன் முகத்தையே பார்த்தேன். அவன் என் மனைவியைப் பார்த்தான். அவள் தடுப்பு ஓரமாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

"அதுவும் கரெக்ட்டுதான் மாமு," என்றான். "நீ எது சொன்னாலும் கரெக்ட்டுதான். டென்சன் ஆவாத."

குச்சிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தீப்பெட்டிக்குள் போட்டு மூடினான். பிறகு சாத்துக்குடிச் சுளை ஒன்றைக் கொட்டை எடுத்து என் உதட்டுக்குப் பக்கத்தில் நீட்டினான். நான் வாயைத் திறந்தேன்.