பொங்கல் விழாவுக்கு ஒரு பிணம்

ஒரு கை தொடையை அழுத்திப் பிடித்திருக்க, மற்றொரு கை அதற்குள் பழைய சோபாவின் பஞ்சைத் திணித்துக்கொண்டிருந்தது. முழங்கால் வரும் இடத்தில் திணிப்பதை நிறுத்தி, துணியை நூலால் ஒரு சுற்று இறுக்கியது. மடங்க வேண்டிய இடத்தில் மடங்காவிட்டால் அது உடல் ஆகாது, தலையணைதான்.

"ஏனுங்க, வகுத்துக்குள்ள என்னத்தப் போட்டீங்க?" கராஜின் வாசற்படியைத் தாண்டாமல் மனைவி சாந்தாமணி கேட்டாள்.

"அரிசி. வண்டு உழுந்த மூட்டை. கனம் வேணுமல்ல?"

"ஊர்ல எல்லாத்துக்கும் வாய்க்கரிசி ஒரு புடி. இவனுக்கு மூட்டையோடயா? குளிச்சுப்போட்டு உள்ள வாங்க."

பல்லடத்துக் குமாரசாமி அமெரிக்காவில், நியூ ஜெர்சியின் மான்மவுத் ஜங்ஷனில் குடியேறி ஏழு வருடமாகிறது. பகலில் ஒரு மருந்து கம்பெனியின் இயந்திரங்களைப் பழுது பார்ப்பார். மற்ற நேரத்தில் தமிழ்ச் சங்கத்தின் நாடகங்களுக்கு வேண்டியதைச் செய்வார். யாரும் அவருக்குச் சொல்லித் தந்ததில்லை. செய்து, பிரித்து, மறுபடி செய்தே பழகினார். ஆனால் அவர் செய்த தேர் அரங்கத்தின் கதவுக்குள் நுழையவில்லை. அவர் எழுப்பிய கோபுரம் தலைவரின் உரை நீண்டதால் திரைக்குப் பின்னாலேயே நின்றது. இந்த உடலாவது மேடை ஏற வேண்டும் என்பது 1998 பொங்கலில் அவருடைய ஒரே ஆசை.

நாடகம் அயர்லாந்தினுடையது, ஓரங்கம். கணவனையும் மகன்களையும் கடலுக்குக் கொடுத்த ஒரு தாய். கடைசி மகனையும் பலகையில் தூக்கி வருகிறார்கள். தமிழில் பெயர்த்தவரும் தாயாக நடிப்பவரும் பல் மருத்துவர் புஷ்பவல்லி. பிணமாகப் படுக்க மட்டும் ஆள் கிடைக்கவில்லை. கேட்கப்பட்ட கணவர்கள் எல்லோரும் சம்மதித்தார்கள். அவர்களுடைய மனைவிகள் தாலியைத் தொட்டுக்கொண்டு மறுத்தார்கள். அதனால்தான் பஞ்சு.

சங்கத் தலைவர் சிவராமகிருஷ்ணனுக்கு வேறு யோசனை இருந்தது. "பொங்கலும் அதுவுமா சாவு எதுக்கு மேடம்? பையன் நீந்தி வந்துடட்டும். ஒரு பாட்டோட முடிச்சுடலாம்."

"அப்போ அம்மா எதுக்கு அழறா?"

"ஆனந்தக் கண்ணீர்."

புஷ்பவல்லி அசையவில்லை. செயற்குழு இரண்டு மணி நேரம் ஆராய்ந்து ஒரு முடிவுக்கு வந்தது: செத்தவன் ஐரிஷ்காரன், கிறிஸ்தவன், மூழ்கியதும் அவர்கள் கடலில்; ஆகவே நியூ ஜெர்சித் தமிழர்களுக்குத் தீட்டு இல்லை.

ஒத்திகையில் உடலைப் பலகையோடு தூக்கியதும் கால்கள் விரிந்து ஒன்று கதவில் இடித்தது. குமாரசாமி யோசித்தார். வெள்ளைத் துணியில் ஒரு கீற்றுக் கிழித்து இரண்டு கால் கட்டைவிரல்களையும் சேர்த்துக் கட்டினார். கால்கள் அடங்கின.

தூக்கிய நான்கு கம்ப்யூட்டர் கன்சல்டன்ட் பையன்களும் பலகையைக் கீழே வைத்துவிட்டு விலகினார்கள்.

"இவ்ளோ நாள் ஐரிஷ்காரனா இருந்தான் சார்," என்றார் சிவராமகிருஷ்ணன். "கட்டைவிரலைக் கட்டி நம்ம ஆளாக்கிட்டீங்களே."

"அவுத்துடறனுங்க."

"அவுத்தா எழுந்துக்கவா போறான்?"

பையன்கள் அன்றே ஊருக்கு போன் செய்தார்கள். நால்வருக்கும் தகப்பனார் இருந்தார். ஒருவனின் தாய், "அப்பா குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது எவன் பொணத்தடா தூக்கறே? இதுக்கா உன்னை அமெரிக்கா அனுப்பினோம்?" என்று கேட்டு போனை வைத்தாள். நால்வரும் கழன்றுகொண்டார்கள்.

தூக்க ஆள் வராவிட்டால் கடைசிக் காட்சியில் பிணத்துக்குப் பதில் குழந்தைகளின் அலை டான்ஸ் என்று தலைவர் அறிவித்தார். நீல ஷிஃபான் உடை போன வருடமே தைத்திருந்தது.

குமாரசாமி சங்க உறுப்பினர்களுக்கு ஒவ்வொருவராக போன் செய்தார். முதலில் பொங்கல் வாழ்த்து. பிறகு, "அப்பா இருக்காருங்களா?"

"எண்பத்தாறு சார். இன்னிக்கும் டெய்லி வாக்கிங் போறார்."

"அடடா," என்றார் குமாரசாமி. அந்த உறுப்பினர் அடுத்த வருடம் சந்தா கட்டவில்லை.

தகப்பனில்லாதவர்கள் இருவர் தேறினார்கள்: மைக் பார்ப்பவரும் பொருளாளரும். விழாவன்று திரைக்குப் பின்னால் குமாரசாமி தலைவரிடம் போனார்.

"உங்கப்பாங்க?"

"அது... எயிட்டி ஃபைவ்லயே." பிறகுதான் சிவராமகிருஷ்ணனுக்குக் கேள்வி எதற்கென்று புரிந்தது. "நான் ப்ரெசிடென்ட் சார்."

"ப்ரெசிடென்டுக்கு அப்பா செத்திருக்கக் கூடாதா?" என்றார், கறுப்புச் சால்வையோடு நின்ற புஷ்பவல்லி.

"நாலாவது ஆள்?" என்று கேட்டார் தலைவர்.

"நானுங்க. தொண்ணூத்தஞ்சுல தவறிட்டாரு."

"தூக்கிப் பழக்கம் உண்டா? மேடையில கவுத்துடக் கூடாது."

"இல்லீங்க. அப்ப க்ரீன் கார்டு அப்ளை பண்ணியிருந்தேன். நாட்ட விட்டு வெளிய போனா கேஸ் போயிரும்னாங்க. தம்பிதான் தூக்குனான்."

தலைவர் தோளிலிருந்த பட்டு அங்கவஸ்திரத்தை மடித்து நாற்காலியில் வைத்தார். சட்டைக் கையைச் சுருட்டினார்.

அரிசியின் கனத்தில் நால்வருக்கும் மூச்சு வாங்கியது. மேடைக் கதவருகே வரிசை நின்றுவிட்டது.

"கால் முன்னால போகணும் சார். திருப்புங்க," என்று முணுமுணுத்தார் பொருளாளர்.

"அது வீட்ட விட்டுப் போறப்பங்க," என்றார் குமாரசாமி. "இவன் வீட்டுக்கு வர்றான்."

தலை முன்னால் போயிற்று. முன்வரிசையில் இரண்டு பெண்கள் குழந்தைகளை இழுத்துக்கொண்டு வெளியே நடந்தார்கள். மற்றவர்கள் இருந்தார்கள். சமோசாப் பொட்டலம் பிரிக்கும் ஓசை நின்றது. பலகை தரையைத் தொட்டது. புஷ்பவல்லி மண்டியிட்டு இரு கைகளையும் நீட்டினார். குமாரசாமி பஞ்சுத் தலையின் பிடரியில் உள்ளங்கையை வைத்து, கழுத்து மடங்காமல் தூக்கி, அந்தக் கைகளில் கொடுத்தார்.