முத்தாயி விழுங்காத மாத்திரைகள்

"நாளைக்கு வெட்டவேணும்" என்று கொழும்பு ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டர் சொன்னபோது, முத்தாயியைவிட நான்தான் அதிகம் பயந்தேன். பசறைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் நான் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர். அவள் அங்கே கொழுந்து பறிப்பவள். சாப்பிட்டால் வலது விலாவுக்குக் கீழே வலி. முன்பு ஒருமுறை காமாலையும் வந்து போயிருந்தது. பித்தக் கல்லாக இருக்கும் என்று தோட்டத்து மேலாளரான துரையிடம் மல்லுக்கட்டி, அவளையும் அவள் புருஷனையும் ரயிலேற்றிக் கூட்டிப்போனவன் நான்.

முதலில் வெறும் எக்ஸ்ரே எடுத்தார்கள். கல் தெரியவில்லை. எல்லாக் கல்லும் அந்தப் படத்தில் விழாது என்றார் யாழ்ப்பாணத்துக்காரரான அந்தப் பெரிய டாக்டர். அப்போது சாயப் படம் என்று ஒன்று புதிதாக வந்திருந்தது. முதல்நாள் அந்தியில் சாய மாத்திரை கொடுப்பார்கள். அது பித்தத்தோடு போய்ப் பித்தப்பையில் சேர்ந்தால், மறுநாள் படத்தில் பை துலங்கும். கல் இருந்தால் நடுவே ஓட்டைபோலத் தெரியும். எனக்குத் தெரிந்தவள் என்பதால் மாத்திரைகளை நானே கொடுத்தேன்.

மறுநாள் படத்தில் பையே இல்லை.

"குழாய் அடைபட்டிருக்கு. அதுதான் சாயம் உள்ளுக்குப் போகேல்லை" என்றார் டாக்டர். நாளைக்கு வெட்டவேணும் என்றதும் அப்போதுதான்.

முத்தாயி என் காலைப் பிடித்துக்கொண்டாள். "வயித்தக் கீறிட்டா நான் திரும்பி வருவேனாங்க? லயத்து வீட்டுல ரெண்டு பச்சப் புள்ளைகள விட்டுட்டு வந்திருக்கேங்க."

அப்போதுதான் எனக்குச் சுரீரென்றது. காலையில் ஆட்கள் வேலைக்கு அணிவகுக்கும் பெரட்டில் நான் மலேரியாக் காய்ச்சலுக்குக் கொயினா மாத்திரை கொடுப்பேன். கசப்புக்குப் பயந்து கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டுபோய்த் துப்பிவிடுவார்கள். அதனால் ஒவ்வொருவர் வாயையும் திறக்கச் சொல்லிப் பார்த்துத்தான் விடுவேன். கொழும்பில், வெள்ளையுடுப்பு நர்ஸ்மார் நடுவே, அந்தத் தோட்டத்து வேலையைச் செய்ய வெட்கப்பட்டுவிட்டேன்.

"முத்தாயி, நேத்துக் குடுத்த மாத்திரைய முழுங்கினியா?"

அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். அத்தனை மாத்திரைகளும் எச்சில் காய்ந்து ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன.

"கொயினான்னு நெனச்சேங்க. அதத் தின்னா காது இரையுமேன்னு பயந்துட்டேங்க."

டாக்டரிடம் போய், பிழை என்னுடையது என்றேன். வாங்கிக் கட்டிக்கொண்டேன். அன்று அந்தியில் மறுபடி மாத்திரை. இம்முறை எல்லோர் முன்னும் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். மறுநாள் வெட்டுவதற்கு முன் எடுத்த படத்தில் பை முழுசாகத் துலங்கியது. கல் இல்லை. ஆபரேஷனும் இல்லை.

"வயித்துப் பூச்சி பித்தக் குழாய்க்குள்ள ஏறி இறங்கியிருக்கும். பூச்சி மருந்து குடுத்துப் பாரும்" என்று டாக்டர் எங்களை அனுப்பினார். கொடுத்தேன். பூச்சிகள் விழுந்தன, வலியும் நின்றது.

வெறும் படமா, சாயப் படமா, எது மேல் என்று இப்போதுள்ள டிஸ்பென்சர்மார் கேட்கிறார்கள். சந்தேகமில்லாமல் சாயப் படந்தான். ஆனால் அதற்கு முன்னால், மாத்திரை வாங்கினவரின் வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். நான் பட்ட வெட்கத்துக்கு அவள் வயிற்றைக் கீறியிருப்பார்கள்.