மழை பெய்தால் ஆஸ்பத்திரி

மொழிபெயர்ப்பாளரின் தொழில், பிறருடைய கோபத்தைத் தன் வாயால் பேசிவிட்டுத் தன்னுடையதை விழுங்கிக்கொள்வது. சிங்களம் பேசும் மருத்துவருக்கும் தோட்டத்துப் பெண்களுக்கும் நடுவே, புற்றுநோய்ப் பிரிவில் நிற்கிறேன். இடையில் நின்று இருபுறமும் வாங்கிக் கட்டிக்கொள்ளும் அன்பர்களே, என் வயிற்றெரிச்சல் உங்களுக்குத்தான் புரியும்.

துணிக்கட்டு

ருவான்வெல்லைப் பக்கத்து இறப்பர்த் தோட்டத்தில் மரப்பட்டையைக் கீறிப் பால் வெட்டும் செல்வமணி, மகளைக் கட்டிக்கொடுத்தவர். வயிறு பெருத்ததும் லயத்து வரிசைவீடுகளின் பெண்கள் கேலி செய்திருக்கிறார்கள். வெட்கத்தில் பழஞ்சேலையால் வயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டு மாதக்கணக்காக மலை ஏறி மரம் வெட்டியிருக்கிறார். தோட்டத்து டிஸ்பென்சரியில் அந்தக் கட்டை அவிழ்க்கச் சொல்லாமலே வாயு மாத்திரை கொடுத்தார்களாம். தொட்டுப் பாராமல் மருந்து தருகிறவர், கண்ணை மூடிக்கொண்டு மரத்தில் கத்தி வைக்கிறவருக்கு ஒப்பானவர். மரமாவது பட்டையில் வடுவைக் காட்டும். எங்கள் மருத்துவர் அவிழ்த்துப் பார்த்தார்: சூலகப் புற்றுநோய்.

செல்வமணி சொன்னார்: "மக மாசமா இருக்கா, போட்டிக்கு அம்மாளுமான்னு சிரிச்சாளுக மிஸ். இந்த நோவுக்கு அதுவே மேல்."

தூது

மருந்தேற்றுவதற்கு முன் மருத்துவர் விளக்கினார். கட்டியானது, வளரத் தூண்டும் ஒரு புரதத்தை வெளியே அனுப்புகிறது. அருகிலுள்ள இரத்தக் குழாய்கள் அந்தச் செய்தியை ஏற்றுக் கட்டியை நோக்கிக் கிளைவிடுகின்றன. அந்த இரத்தத்தைக் குடித்துக் கட்டி பெரிதாகிறது. ஏற்றப்போகும் மருந்துகளில் ஒன்று அந்தப் புரதத்தை வழியிலேயே பிடித்துவிடும்.

நான் அதை உவமையாக்கினேன்: "லயத்தில அழைக்காம குடியேறின ஒருத்தன், தன் வீட்டுக்கு மட்டும் தண்ணிக் குழாய் இழுக்கச் சொல்லி ஆள் அனுப்புறான். இந்த மருந்து அந்த ஆளை மறிக்குது."

செல்வமணி நிமிர்ந்து உட்கார்ந்தார்: "நாங்க பைப் கேட்டு எத்தன வருசம் மிஸ்! அந்தக் கட்டிக்குக் கேட்ட ஒடனே இழுத்துட்டாங்களா?"

வானிலை

முதல் மருந்தேற்றலில் வயிறு சற்று வடிந்தது. அடுத்த தவணைக்கு அவர் வரவில்லை. பதறிப்போய்த் தோட்டத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். மழையில் பால் வெட்ட முடியாது. ஆகையால் மழைநாளில்தான் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்பது அங்கே எழுதாத சட்டமாம். அந்த மாதமோ வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. தவணை தவறினால் கட்டி மீண்டும் பெரிதாகும், உயிருக்கே ஆபத்து என்று கத்தினேன்.

மறுமுனையில், ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் கணக்கப்பிள்ளை சாந்தமாகச் சொன்னார்: "நல்ல வெயில் நாள்ல ஆள விட்டா மரத்த யாரு வெட்டுறது? மழ பெஞ்சா நானே பஸ் ஏத்தி விடுறேன் மிஸ்."

பாதி மரம்

மேகமே இல்லாத ஒரு காலையில் செல்வமணி வந்து நின்றார். உடுப்பில் பால் காயவில்லை. கட்டி மறுபடி பெருத்திருப்பதாகவும், இனி ஒரு தவணையும் தவறக்கூடாது என்றும் மருத்துவர் கடிந்துகொண்டார். நான் அதைப் பதமாக்கிச் சொல்ல வாயெடுத்தேன். கடைத்தெருச் சிங்களம் அறிந்த செல்வமணி என்னைக் கையமர்த்தினார்.

"ஏசினது வெளங்குது மிஸ். பாதி மரத்த அப்பிடியே விட்டுட்டு வந்துட்டேன்னு சொல்லுங்க. மிச்சத்த வெட்ட ஆள் கெடைக்கும். எனக்குப் பதிலா உசுரோட இருக்க கணக்கப்பிள்ளை ஆள் போடுவாரா?"

தோட்டத்தை ஆள்வோரே, அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லுங்கள்; சொல்லும்வரை அவர் ஆஸ்பத்திரிக்கு வர வழிவிடுங்கள்.

இத்தொழிலில் நான் கற்றது இவ்வளவே: நோய் தன் தேவையை ஒருமுறை சொன்னால் உடம்பு கேட்கிறது, நோயாளி தன் தேவையை இரண்டு மொழிகளில் கத்த வேண்டியிருக்கிறது.