குருமூர்த்தி நகர்த்திய அரைத்தட்டு

குருமூர்த்தி என்கிற பெயரை வசந்தாமணி முதன்முதலில் கேட்டது ஆத்தூரில், ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலைக்குப் பின்னால் இருந்த வரிசை வீடு ஒன்றில். அப்போது அவளுக்கு ஒன்பது வயது. அவள் அம்மாவுக்கு நேர் இளையவள் அத்தாயி, எருமப்பட்டியிலிருந்து ஆத்தூருக்குக் கொடுத்த பெண். அத்தாயிக்கு முதலில் பிறந்த இரண்டும் தங்கவில்லை. மூன்றாவது தங்கியது. தொட்டிலில் போடும் அன்று தாய்மாமன் சின்னண்ணன் குழந்தையின் காதில் மூன்று தரம் பெயரைச் சொன்னார். அவருக்குக் காது மந்தம். மெதுவாகச் சொல்வதாக நினைத்து அவர் சொன்னது தெருவுக்கே கேட்டது. குழந்தை வீறிட்டு அழ, அத்தாயி அதை எடுத்து வசந்தாமணியின் மடியில் வைத்தாள்.

"உன்ற தம்பி. நீதான் பாத்துக்கோணும்."

வசந்தாமணி பார்த்துக்கொண்டாள்.

வளர்ந்து அவன் பேண்டு செட்டில் சேர்ந்தான். டிரம்பெட் ஊதினான். ஆத்தூரிலிருந்து நாமக்கல் வரை அவன் ஊதாத கல்யாண மண்டபம் குறைவு. முப்பத்தைந்து வயதில், ராசிபுரம் ரோட்டில் பேண்டு வேன் போர் போடும் ஒரு ரிக்கு வண்டியின் பின்னால் மோதியது. குருமூர்த்திக்கு முன்பல் மூன்று போயின. உதடு தைத்துக் குணமானது. டிரம்பெட் ஊதுவது போய்விட்டது.

வசந்தாமணி அவனை எருமப்பட்டிக்கு அழைத்து வந்தாள். இரண்டு மாதம் களியும் குழைந்த சோறும் போட்டாள். அவள் வீட்டுக்காரர் வெங்கடாசலம் கோழிப்பண்ணைக்குத் தீவனம் ஏற்றுகிறவர், வாய் சும்மா இருக்காது. "மச்சானுக்கு ஊதறதுதான் முடியல. உள்ள தள்றது நல்லா முடியுது" என்பார். குருமூர்த்தியும் பொக்கை தெரியச் சிரிப்பான்.

அந்த இரண்டு மாதத்தில்தான் பேண்டு மாஸ்டர் கொடுத்த பழைய லேப்டாப்பில் அவன் நோட்டேஷன் எழுதப் பழகினான். கோடு போட்ட பக்கத்தில் எள்ளு சிந்தினதுபோல சுரங்கள். வசந்தாமணி மூன்றாவது வரைதான் படித்தவள். இருந்தாலும் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பாள்.

"இதென்ன சாமி, ஏழு மாதிரி, தலையில புள்ளி வெச்சிக்கிட்டு?"

"அது ஓய்வு அக்கா. அரைத்தட்டு சும்மா இருக்கற நேரம்."

"சும்மா இருக்கறதுக்குக்கூட எழுத்தா?"

"இதுல எதையும் சும்மா விட முடியாது. ஒரு கட்டத்துக்கு நாலு தட்டு. ஒரு சுரத்தை அரைத்தட்டு தள்ளி வெக்கணும்னா, அது இருந்த இடத்துல ஓய்வைப் போடணும், பின்னால இருக்கறதைச் சுருக்கணும். இல்லேன்னா நகரவே நகராது."

வசந்தாமணிக்கு அது பிடித்துப்போனது. ஒன்று இடம் மாறினால், மாறினதற்கு அடையாளம் இருக்கிறது. அவளுக்கும் ஓர் அரைத்தட்டு இருந்தது.

அவள் கும்மிக்குப் பாடுகிறவள். நாற்பது பெண்கள் வட்டம் கட்டி ஆடுவார்கள். மூன்றாம் சுற்றில் உள்பக்கம் பார்த்து நிற்கிறவர்கள் வெளிப்பக்கம் திரும்ப வேண்டும். இருபது வயதுக்காரியும் உண்டு, பேரன் எடுத்தவளும் உண்டு. உடம்பு திரும்ப நேரம் எடுக்கும். அதனால் அந்த இடத்தில் வசந்தாமணி அடுத்த சொல்லை உடனே எடுக்க மாட்டாள். அரைத்தட்டு பொறுப்பாள். நாற்பது பேர் காலும் ஊன்றின பிறகு சொல் விழும், நாற்பது பேர் கையும் ஒன்றாகத் தட்டும். தெரியாதவர்களுக்கு அவள் பிந்திவிட்டதுபோல இருக்கும். ஆடுகிறவர்களுக்குத்தான் தெரியும், அந்தப் பொறுப்பில்தான் கும்மியே நிற்கிறது என்று.

போன வருடம் கழுத்தில் கட்டி வந்தது. சேலத்து டாக்டர் ஆபரேஷனுக்கு நாள் குறித்துக்கொடுத்து, குரல் பழையபடி வருமா என்பதைச் சொல்ல முடியாது என்றும் சொல்லிவிட்டார். பங்குனியில் எருமப்பட்டிக் கோயிலில் அரங்கேற்றம். அதற்குள் பாட்டைப் பதிந்து வைத்துவிட வேண்டும் என்று வசந்தாமணி குருமூர்த்தியிடம் போனாள்.

அவன் அப்போது சேலத்தில் பேட்டரிக் கடை மாடியில் அறை எடுத்துப் பாட்டுப் பதிந்து கொண்டிருந்தான். பல் கட்டியிருந்தான். நோட்டேஷனை விட்டு, ஒலியைத் துண்டுகளாக அடுக்கும் சீக்வென்சருக்கு வந்திருந்தான். இரண்டு நாள் அவள் பாடினாள். பாடி முடித்ததும் திரையைக் காட்டினான். அவள் குரல் துண்டு துண்டாக, செங்கல் அடுக்கினதுபோலக் கிடந்தது.

"இதுல ஓய்வு எங்க சாமி?"

"இதுல எழுத வேண்டியதில்லைக்கா. காலியா இருக்கறதெல்லாம் ஓய்வுதான். புடிச்சு இழுத்தா நகரும்."

ஒரு துண்டை இழுத்துக் காட்டினான். அது வழுக்கிக்கொண்டு போய் நின்றது. முன்பு எங்கே இருந்தது என்பதற்கு ஒரு தடமும் இல்லை.

"எங்க இருந்துச்சுன்னு அப்புறம் எப்படித் தெரியும்?"

"தெரியாது. எதுக்குத் தெரியணும்?"

"என்ற அரைத்தட்டைத் தொட்டுப்போடாதே."

"அதுதானேக்கா நீ. தொடுவனா?" என்றவன், அவள் மனசு ஆறட்டும் என்று பாட்டை நோட்டேஷனிலும் எழுதி அச்செடுத்துத் தருவதாகச் சொன்னான்.

ஆபரேஷன் ஆனது. குரல் வரவில்லை. காற்றுதான் வந்தது.

அரங்கேற்றத்துக்கு முந்தின நாள் குருமூர்த்தி வந்து பென் டிரைவையும் காகிதத்தையும் கொடுத்தான். வசந்தாமணி காகிதத்தைத்தான் விரித்தாள். அவள் பொறுக்கிற ஒன்பது இடத்திலும் புள்ளி வைத்த ஏழு இருந்தது. பாட்டைப் போட்டுக் கேட்கவில்லை. நல்ல தொண்டையோடு இருந்த தன் குரலைக் கேட்கும் தைரியம் அவளுக்கு அன்றைக்கு இல்லை. பென் டிரைவை ரேடியோ செட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டாள்.

மறுநாள் பொழுது சாயும் நேரம். முதல் இரண்டு சுற்றும் நன்றாகப் போயின. மூன்றாம் சுற்றில் பெண்கள் திரும்பினார்கள். பாதி பேர் ஒற்றைக் காலில் இருக்கும்போதே சொல் விழுந்தது. கை தட்டல் பொரி வெடித்தாற்போலச் சிதறியது. அடுத்த முறையும் அப்படியே. முன்னால் ஆடிய ரஞ்சிதா மேல் பின்னால் இருந்தவள் மோதினாள். கூட்டத்தில் யாரோ, "பாட்டு கரூர் போயிருச்சு, கும்மி இன்னும் மோகனூர்லயே நிக்குது" என்றார்கள். சிரிப்பு எழுந்தது. வசந்தாமணி நிறுத்தச் சொல்லி வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. அவளுடைய குரலே ஒலிபெருக்கிக் குழாய் வழியாக அவள் தலைக்கு மேல் பாடிக்கொண்டு போனது.

நாலாம் நாள் ரஞ்சிதா செல்போனோடு வந்தாள். "சின்னம்மா, மனசு விட்ராதீங்க. இதப் பாருங்க."

வீடியோவில், சேலத்துப் பக்கம் இளம்பிள்ளை ஊர்க் குழு ஒன்று அதே பாட்டுக்கு ஆடியது. ஆட்டத்துக்கு முன்னால் குருமூர்த்தி பேசினான். "பாடினவங்க என்னோட அக்காதான். பாவம், சில இடத்துல தாளம் நிக்கல, பிந்திட்டாங்க. நான்தான் இழுத்துச் சரி பண்ணேன்."

வசந்தாமணி அன்றைக்கே சேலம் பஸ் ஏறினாள். மாடிப்படி ஏறி, காகிதத்தை அவன் முன்னால் விரித்து, ஏழின் மேல் விரலை வைத்தாள். காற்றுக் குரலில் கேட்டாள்.

"இதுல இருக்குது. பாட்டுல எங்க போச்சு?"

குருமூர்த்தி நாற்காலியை இழுத்துப் போட்டான். "உக்காருக்கா. இளம்பிள்ளைக்காரங்க கேட்டுட்டு, தப்பா இருக்கேன்னாங்க. ரிதம் பேடுல தாளம் போட்டா உன் குரல் பிந்தறது அப்படியே தெரியுது. எல்லாத்தையும் தாளக் கோட்டுக்கு இழுக்க ஒரே அமுக்குதான்."

"அப்பறம் இதுல ஏன் மாத்தல?"

"அதுல ஒவ்வொரு ஓய்வா எடுத்து, பின்னால எல்லாத்தையும் நீட்டணும்க்கா. ஒன்பது இடம். யாரு உக்காந்து பண்றது?"

அவள் காகிதத்தைப் பார்த்தாள். சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருக்கிறான் என்று நினைத்து அதை மடித்து முந்தானையில் முடிந்து வைத்திருந்தாள். அவனுக்குச் சலிப்பாக இருந்ததால் மிஞ்சின ஓய்வு அது.

"பழசைக் குடு."

"அதுமேலயே சேவ் பண்ணிட்டேன்க்கா."

"நான் பாடினது?"

"இல்ல."

கீழே கடையில் யாரோ பேட்டரி பேரம் பேசினார்கள்.

"பல்லு போயி என்ற ஊட்ல கெடந்தியே சாமி. உனக்கு ஊதத் தெரியாதுன்னு நான் யாருகிட்டயாச்சும் சொன்னனா?"

குருமூர்த்தி நாக்கால் கட்டுப்பல்லைத் தள்ளித் தள்ளி வைத்தான். அவள் எழுந்தாள். காகிதத்தை அங்கேயே விட்டுவிட்டாள்.

இப்போது எருமப்பட்டியில் ரஞ்சிதா பாடுகிறாள். மூன்றாம் சுற்றில் வசந்தாமணி கையைத் தூக்குவாள். அது இறங்குகிற வரைக்கும் ரஞ்சிதா வாயைத் திறக்கக் கூடாது. எல்லோரும் பழகிவிட்டார்கள். தைப்பொங்கலுக்கு அத்தாயி போன் பண்ணி, "உன்ற தம்பி உன்னையக் கேட்டான்" என்றபோது, வசந்தாமணி போனை வெங்கடாசலத்திடம் கொடுத்தாள்.

குருமூர்த்தி சேலத்தில் அதே பேட்டரிக் கடை மாடியில் இருக்கிறான். கும்மிப் பாட்டுப் பதிந்து கொடுக்கிறான்.