சவுக்குக் கட்டையில் உட்கார்ந்தேன்

ராஜபாளையம் போகும் பஸ்ஸுக்கு டயர் மாற்றுகிறார்கள். சாலையோரச் சவுக்குத் தோப்புக்குள் போகிறேன். ஒருவர் மரத்தை அறுத்துச் சாய்க்க, அவர் மனைவி ஓடிவந்து அடிக்கட்டையில் மருந்தைக் குழைத்துப் பூசுகிறாள்.

“ஏட்டி, மொட்டை போட்டுச் சந்தனம் தடவுதியா?” என்கிறேன்.

“வெட்டுன ஈரத்துலயே தடவணும் ஆச்சி. விட்டா பூஞ்சாணம் எறங்கி, வேர் வழியா பக்கத்து மரத்தையும் சாகடிச்சிரும். போன வருசம் பாதித் தோப்பு போச்சு. இந்தத் தடவ ஒண்ணக்கூட விட மாட்டேன்.”

கால் வலிக்க, பின்னாலிருந்த கட்டையில் உட்காருகிறேன்.

“எந்திரிங்க ஆச்சி.”

எழுந்து பார்த்தால் மருந்து முழுக்க என் சேலையில்.

“இருக்கட்டும்ட்டி, என் வேரும் அழுகாம இருக்கும்லா?”

அவள் அதற்குள் குனிந்து அந்தக் கட்டைக்கு மறுபடி பூசுகிறாள். பஸ் ஹாரன் அடிக்கிறது.

“போயிட்டு வாங்க ஆச்சி,” என்கிறாள், நிமிராமல். “அடுத்த தடவ நின்னுக்கிட்டே பேசுங்க.”