எலிகளுக்குக் குணமாகிவிட்டது

பத்து நாளைக்கு முன்னால் ஒரு காலை. வாசலில் ஜமால் பாய். திண்டுக்கல்லில் தோல் மண்டி வைத்திருப்பவர். பேப்பரில் வரும் என் பத்தியை ஒரு வாரம்கூட விடாமல் படிப்பவர். (பெயரை மாற்றியிருக்கிறேன்.) கையில் இரண்டு மாதத்துக்கு முன்பு நான் எழுதிய பத்தி... லேமினேஷன் செய்து!

பெருமை தாங்கவில்லை. எந்த எழுத்தாளனுக்குத்தான் தாங்கும்? உட்காரவைத்து டீ கொடுத்தேன்.

"சார், இந்த மருந்து எந்த ஆஸ்பத்திரியில போடுறாங்க? மாப்பிள்ளை வீட்டுல கேக்குறாங்க."

அந்தப் பத்தி உங்களுக்கும் நினைவிருக்கலாம். சிலருக்குச் சின்ன வயதிலேயே சர்க்கரை வியாதி வருகிறது. உடம்பின் காவல்படை, இன்சுலின் சுரக்கும் சொந்த செல்களையே எதிரி என்று நினைத்து அழித்துவிடுவதால் வருவது. அந்தச் செல்லின் ஒரு துணுக்கை நானோ துகளில் ஏற்றி அனுப்பி, 'இவன் நம்ம ஆளுப்பா, விட்டுடு' என்று காவல்படைக்குப் பாடம் எடுக்கிறார்கள் விஞ்ஞானிகள். பிரமாதமாகத்தான் எழுதியிருந்தேன்.

பாயின் மகள் பர்வீனுக்கு ஒன்பது வயதிலிருந்து அந்த வியாதி. இப்போது இருபத்தைந்து. எம்.காம். படித்துவிட்டு ஆடிட்டர் ஆபீஸில் வேலை. தினம் நாலு ஊசி. வந்த சம்பந்தமெல்லாம் ஊசி என்றதும் திரும்பிப் போனது. மறைத்துக் கட்டிக்கொடு என்றார்கள் சொந்தக்காரர்கள். பாய் மறுத்துவிட்டார். வத்தலக்குண்டில் ஒரு குடும்பத்திடம் உண்மையைச் சொல்லி, கூடவே என் பத்தியையும் காட்டியிருக்கிறார். சீக்கிரம் சரியாகிவிடும், பேப்பரிலேயே போட்டிருக்கிறது என்று. அவர்களும் சம்மதித்து, நிச்சயத்துக்கு நாள் குறித்தாயிற்று.

 நான் எழுதியபோது அந்தப் பத்தியின் கடைசியில் ஒரு வரி இருந்தது - இதெல்லாம் இப்போதைக்கு எலிகளில்தான், அதுவும் நோயின் ஆரம்பத்தில்தான் என்று. இடம் போதவில்லை, வெட்டினேன். வெட்டியபின் பத்தி எடுப்பாக இருக்கிறதே என்று சந்தோஷம் வேறு!

பாயிடம் சொன்னேன். லேமினேஷனை ஒருமுறை திருப்பிப் பார்த்தார்.

"அப்ப எம் புள்ளைக்கு?"

செத்த செல்களை எந்தத் துகளும் எழுப்பாது. அதையும் சொல்ல வேண்டியிருந்தது. டீயை அப்படியே வைத்துவிட்டுப் போனார்.

வத்தலக்குண்டுக்கு அவரே போய் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். நிச்சயம் முடியட்டும் என்று வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். நானாக இருந்தால்? வேண்டாம், எழுதக் கூச்சமாக இருக்கிறது. மூன்றாம் நாள் அங்கிருந்து போன்... யோசித்துச் சொல்கிறார்களாம். நம் ஊரில் இதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியாதா?

உடம்புக்கு அனுசரித்துப்போகக் கற்றுக்கொடுக்க என்றைக்காவது மருந்து வந்துவிடும். மனுஷனுக்கு? எனக்கு நம்பிக்கை இல்லை.

மன்னிப்புக் கேட்க அவர் வீட்டுக்குப் போனேன். பாய் மண்டிக்குப் போயிருந்தார். பர்வீன்தான் நாற்காலி எடுத்துப் போட்டாள். தனக்கு இதெல்லாம் பழகிவிட்டது, அத்தாதான் சரியாகச் சாப்பிடுவதில்லை என்றாள். கோபமே இல்லாத குரல். திட்டியிருந்தால் தேவலை.

கிளம்பும்போது மெதுவாகச் சொன்னாள்.

"அடுத்த தடவ எழுதும்போது எலிங்கிறத மொத வரியிலயே போட்டுருங்க சார். எங்கள மாதிரி ஆளுங்க, கடைசி வரி வரைக்கும் நம்பிக்கிட்டேதான் படிப்போம்."